தாய்தகப்பன் சம்மதம்

சூரிச் விமான நிலையத்தில் வருகைக் கதவு திறப்பதும் மூடுவதுமாக இருந்தது. நித்தியானந்தன் மகளுக்கென்று கொண்டுவந்த குளிர்ச்சட்டையை முழங்கையில் தொங்கவிட்டபடி நின்றார். ஏப்ரல் மாதம்தான், ஆனாலும் அன்று காலை லுசேர்ணில் பனி தூறியிருந்தது. தில்லி விமானத்துச் சனம் பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு அவரைக் கடந்து போனது. மொட்டைத்தலையும் தோளில் துணிப்பையுமாக மெலிந்த ஒருத்தி அவருக்கு நேரே வந்தாள். வழிவிடுவதற்காக அவர் ஒரு பக்கம் ஒதுங்கினார்.

“அப்பா,” என்றாள் அவள்.

குரல்தான் முதலில் பிடிபட்டது. பிறகு மூக்கு. அவர் குளிர்ச்சட்டையை அவள் தோளில் போட்டுவிட்டு, அவள் மறுக்க மறுக்கத் துணிப்பையை வாங்கிக்கொண்டு, ரயில் மேடைக்கு இறங்கும் படிகளை நோக்கி நடந்தார். ரயில் புறப்பட்டு, வீடுகள் போய், வயல்கள் வந்தபிறகுதான் வாயைத் திறந்தார்.

“பேனோ?”

“இல்லை அப்பா.”

“ஏதும் வருத்தமோ? டொக்டர் வெட்டச் சொன்னவரோ?”

“இல்லை. வீட்டை போய்க் கதைப்பம்.”

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கண்ணாடியிலும் அந்தத் தலைதான் தெரிந்தது.

வேணுகாவுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. லுசேர்ணில் பிறந்து, பக்கத்து எம்மன்புரூக்கேயில் வளர்ந்தவள். அப்பா ஏரிக்கரை ஹோட்டலொன்றின் சமையலறையில் கோப்பை கழுவத் தொடங்கி, சலாட்டும் குளிர் உணவுகளும் செய்யும் பகுதிக்குப் பொறுப்பாளராக உயர்ந்தவர். அம்மா கலாவதிக்கு முதியோர் இல்லமொன்றின் சலவைப் பகுதியில் வேலை. ஒரே பிள்ளை என்பதால் அவளைப் பற்றிக் கனவு காண இருவருக்கும் நிறைய இடமிருந்தது. ஆனால் வேணுகா எந்தக் கனவுக்குள்ளும் அதிகநாள் தங்கியதில்லை. வயலின் பழகினாள், விட்டாள். பரதம் பழகி அரங்கேற்றத்துக்கு மண்டபம் பார்த்துக்கொண்டிருந்தபோது விட்டாள். கன்டோன் உயர்பள்ளியில் நல்ல புள்ளிகள் எடுத்து மருத்துவத்துக்குப் போனபோது எம்மன்புரூக்கேத் தமிழ்ச்சனம் முழுவதும் அதைக் கொண்டாடியது. ஒரு வருடத்தில் அதையும் விட்டுவிட்டு, சமஸ்கிருதம் படிக்கப்போவதாக வந்து நின்றாள்.

கலாவதி அழவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை திரிம்பாக் அம்மன் கோயிலில் கேட்டவர்களிடமெல்லாம் நிமிர்ந்து நின்று சொன்னாள்: “பிள்ளை சமஸ்கிருதம் படிக்கிறா.” கோயிலில் பூத்தொடுக்கும் புனிதவதியக்கா அசந்துபோனாள். “நல்ல விசயம். இப்ப ஆர் அதெல்லாம் படிக்கினம்!” அதன்பிறகு கோயிலில் கலாவதிக்கு ஒரு மரியாதை கிடைத்தது. மருத்துவம் கொடுத்திருக்கக்கூடிய மரியாதையைவிட அது சற்றுக் குறைவு, அவ்வளவுதான்.

சமஸ்கிருதம் திபெத்திய மொழியில் கொண்டுபோய் விட்டதைக் கலாவதி கோயிலில் சொல்லவில்லை. இந்தியாவில் எழுதப்பட்ட பௌத்தத் தர்க்க நூல்களில் பல சமஸ்கிருதத்தில் அழிந்துபோய், திபெத்திய மொழிபெயர்ப்பில் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ பேசுவது போல அவை வேணுகாவுக்குக் கேட்டன. யார், என்ன சொல்கிறார் என்று தெரியாமல் அவளால் இருக்க முடியவில்லை. திபெத்தியம் படித்தாள். முதுகலை முடித்து முனைவர் ஆய்வுக்குச் சேர்ந்தாள். மேற்பார்வையாளரின் பெயர் பேராசிரியர் அம்மான். சுத்தமான சுவிஸ் குடும்பப் பெயர்தான். ஆனால் தாய்மாமனை அம்மான் என்று கூப்பிடும் அந்த வீட்டில் அது நின்றுபிடிக்குமா?

“உன்ர அம்மான் என்ன சொல்லுறார்?” என்று நித்தியானந்தன் ஒவ்வொரு வார இறுதியிலும் கேட்பார். “அம்மானெண்டா பிள்ளைக்கு ஒரு தோடாவது செய்து போடவேணுமல்லோ.”

அம்மான் நல்ல மனிதர். ஒரு பக்கத்தை ஒரு மாதம் பார்க்கச் சொல்பவர். ஒரே நூலின் நான்கு பழைய அச்சுப்பதிப்புகளை எடுத்து வைத்து, எங்கே ஓர் எழுத்து மாறுகிறது, எங்கே ஒரு புள்ளி விடுபட்டிருக்கிறது என்று வேணுகா பார்க்கவேண்டும். கெட்டிக்காரிதான். ஆனால் முற்பகல் முடிவதற்குள் கால்கள் மேசைக்கடியில் அலையத் தொடங்கிவிடும். எழுந்து போய் ஆற்றங்கரையில் நடந்துவிட்டு வருவாள். ஒருநாள் அவரிடமே கேட்டாள்.

“இந்த ஆசிரியர் சொல்வது உண்மையா இல்லையா என்று நாம் எப்போது கேட்போம்?”

அம்மான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “அவர் என்ன எழுதினார் என்பதே இன்னும் நமக்குத் தெரியவில்லையே. உண்மையா என்பதைக் கேட்பவர்கள் அடுத்த கட்டிடத்தில் இருக்கிறார்கள்.”

அவள் மெய்யாகவே அடுத்த கட்டிடத்துக்குப் போய் மெய்யியல் துறையில் ஒரு பருவம் உட்கார்ந்து பார்த்தாள். அங்கே யாருக்கும் திபெத்தியம் தெரியவில்லை.

பேச்சுமொழி பழகட்டும் என்று அம்மானே ஒரு வருட ஏற்பாடு செய்துகொடுத்தார். இமாச்சலத்தில், காங்ரா பள்ளத்தாக்கில், திபெத்தியப் பெண்துறவிகளின் மடம். வெளிநாட்டு மாணவர் சிலரையும் அங்கே சேர்த்துக்கொள்வார்கள்.

அங்கேதான் வேணுகா முற்றத்தைக் கண்டாள். பின்னேரமானால் மரூன் உடுத்த இருநூறு பெண்கள் அந்த முற்றத்தில் சோடி சோடியாகப் பிரிந்து வாதிடுவார்கள். ஒருத்தி தரையில் இருந்து பதில் சொல்லவேண்டும். மற்றவள் நின்றபடி கேட்கவேண்டும். கேட்பவள் ஒவ்வொரு கேள்வியின் முடிவிலும் இடதுகாலை ஓங்கி நிலத்தில் மிதித்து, உள்ளங்கையைப் படாரென்று அடிப்பாள். இருப்பவளுக்கு நாலைந்து பதில்களுக்குத்தான் அனுமதி. ஏற்கிறேன். ஏன்? காரணம் நிறுவப்படவில்லை. அது அதிலிருந்து பெறப்படாது. வளவளப்புக்கு இடமில்லை.

அவளுக்குச் சோடியாகக் கிடைத்தவள் லாடோன். வேணுகாவின் வயதுதான். பதின்மூன்று வயதில் மடத்துக்கு வந்து, படிப்பின் உச்சப் பட்டத்துக்கான பரீட்சைகளை ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டிருந்தவள். முதல்நாள் லாடோன் கேட்டாள்:

“வெள்ளைக் குதிரை வெள்ளையா?”

“ஏற்கிறேன்,” என்றாள் வேணுகா.

கை அடிபட்டது. “வெள்ளை என்பது நிறம். குதிரை ஓர் உயிர். உயிர் நிறமாகுமா?”

பக்கத்துச் சோடிகள் சிரித்தன. அன்று இரவுச் சாப்பாட்டில் அவள் மனத்தில் குதிரையைத் தவிர வேறொன்றும் ஓடவில்லை.

சில மாதங்களில் அவள் நின்று கேட்பதில் புலியாகிவிட்டாள். காலை ஓங்கி மிதிக்கும்போது உடம்பு முழுவதும் ஒரு நிம்மதி பரவும். அடக்கு அடக்கு என்று எல்லோரும் சொல்லிவந்த கால்களை இங்கே மட்டும்தான் மிதி என்றார்கள். ஆனால் இருந்து பதில் சொல்லும் முறை வரும்போதெல்லாம் தோற்றாள். ஒன்றை ஏற்றுக்கொண்டு, அதைக் கடைசிவரை விடாமல் பிடித்திருக்க அவளால் முடியவில்லை. லாடோன் எதிர்மாறு. தரையில் ஒரு கல்லைப் போல இருப்பாள். மூன்று பேர் சுற்றிநின்று கத்தினாலும் குரல் உயராது, இமை அசையாது. வேணுகா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவளைப் போல இருக்கவேண்டும், இங்கேயே இருக்கவேண்டும் என்று ஓர் ஆசை நாளுக்கு நாள் வளர்ந்தது.

மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிறு, தலைமழிக்கும் நாளில் வரிசையில் போய் நின்றாள். முறை வந்ததும் குனிந்தாள். யாரிடமும் கேட்கவில்லை. தலையைத் தடவிக்கொண்டே தலைமைத் துறவியிடம் போய், தன்னைத் துறவியாக ஏற்கும்படி கேட்டாள்.

அந்த அம்மையார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். “தாயும் தகப்பனும் சம்மதித்தார்களா?”

“எனக்கு இருபத்தெட்டு வயது.”

“நான் வயதைக் கேட்கவில்லை.”

மடத்து விதி அது. பெற்றவர்கள் உயிரோடிருந்தால் அவர்களுடைய சம்மதம் வேண்டும். தொலைபேசியில் கேட்கிற விசயமில்லை என்று வேணுகாவுக்கே பட்டது. அப்படித்தான் அந்தத் தலையோடு அவள் சூரிச்சில் வந்து இறங்கினாள்.

வீட்டில், குசினி மேசையில், கோப்பையில் தேத்தண்ணி ஆறிக்கொண்டிருக்கும்போது எல்லாவற்றையும் சொன்னாள். கலாவதி அடுப்படியில் நின்றபடி கேட்டாள். நித்தியானந்தன் எழுந்து ஜன்னலைத் திறந்தார், மூடினார்.

“புத்தரோட எனக்குக் கோவமில்லை, பிள்ளை. அந்த மனுசன் ஆருக்கும் ஒண்டும் செய்யேல்லை. ஆனா அந்த மொட்டைத்தலையைக் கண்டா எனக்கு வயிறு எரியுது. அதுக்கு நான் என்ன செய்ய?”

“இவை வேற, அப்பா. திபெத்தியர். இவையின்ர உடுப்பே வேற நிறம்.”

“நிறத்தைச் சொல்லாதை.”

அவருடைய தம்பி பத்மநாதன் தொண்ணூற்றாறில், யாழ்ப்பாணம் ராணுவத்தின் கைக்கு வந்தபிறகு, வேலைக்குச் சைக்கிளில் போனவன் சந்தியில் மறிக்கப்பட்டு, திரும்பி வரவேயில்லை. அந்தச் சந்தி முகாமின் வாசலில் அரசமரத்தின் கீழே புதிதாக ஒரு புத்தர் சிலை இருந்ததாம். நித்தியானந்தன் அப்போது லுசேர்ணில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அந்தச் சிலையை அவர் கண்ணால் கண்டதில்லை. ஆனால் பத்திரிகையில் ஒரு படம் பார்த்தார். வரிசையாக நிற்கும் சிப்பாய்களின் கையில் ஒரு பிக்கு பிரித் ஓதிய காப்புநூல் கட்டிவிடுகிறார். எல்லோரும் சின்னப் பெடியன்கள். அந்தப் படம் மட்டும் அவருக்குள் தங்கிவிட்டது.

“என்ர பிள்ளை அந்தக் கோலத்தில என்ர வாசலில வந்து நிக்கிறதை நான் பார்க்கேலாது. சம்மதம் கேட்டனி. இல்லை எண்டு சொல்லுறன். முடிஞ்சுது.”

மறுநாள் கலாவதிக்கு வேறு கவலை. அடுத்த ஞாயிறு திரிம்பாக்கில் பூசை அவர்களுடைய உபயம். மகள் வந்திருக்கிறாள் என்று சனத்துக்குத் தெரியும். தலையில் சால்வையைப் போட்டுத்தான் கூட்டிப்போனாள். புனிதவதியக்கா ஆசையாக வேணுகாவின் தலையைத் தடவ, சால்வை நழுவிவிட்டது.

“ஐயோ, என்னடி பிள்ளை இது?”

வேணுகா வாயைத் திறப்பதற்குள் கலாவதி சொன்னாள்: “பழனிக்கு நேர்த்தி, அக்கா. படிப்பு முடியவேணுமெண்டு முடி குடுத்தவ.”

புனிதவதியக்காவின் கண் கலங்கிவிட்டது. “எங்கட பிள்ளையள் ஆர் இந்தக் காலத்தில முடி குடுக்கினம்!” செய்தி கோயிலைச் சுற்றி வந்தது. சாப்பாட்டுப் பந்தியில் முன்பின் தெரியாதவர்கள் வந்து வேணுகாவின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். பழனியில் எத்தனை படி ஏறினாய், ரோப் காரில் போனாயா என்று ஒருவர் கேட்டார். நடந்துதான் போனாள் என்று கலாவதி சொன்னாள். வேணுகாவுக்குச் சோறு இறங்கவில்லை. திரும்பும் வழியில், ஒல்டன் ரயில் நிலையத்தில், “ஏனம்மா பொய் சொன்னனீங்கள்?” என்றாள்.

“உண்மையை நீ முடிவெடுத்த பிறகு சொல்லலாம்,” என்றாள் அம்மா.

பல்கலைக்கழகத்திலும் தலை பேசுபொருளானது. ஆய்வுக் கூட்டத்தில் அவள் ஒரு பகுதியை வாசித்தாள். வாசித்து முடித்தபின், இந்த வாதத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது, முற்றத்தில் கேட்டால் ஆசிரியர் மாட்டிக்கொள்வார் என்று சொல்லி, தன்னை அறியாமல் உள்ளங்கையை அடித்தாள். கூட்டம் கலைந்ததும் அம்மான் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார்.

“உங்கள் வாழ்க்கை உங்களுடையது. அதைக் கேட்க எனக்கு உரிமையில்லை. ஆனால் நீங்கள் இந்த நூலுக்கு வெளியே நிற்கிறீர்களா, உள்ளே நிற்கிறீர்களா? ஆய்வேட்டை வாசிப்பவர்கள் அதைக் கேட்பார்கள்.”

“உள்ளே போகவும் விடுகிறார்கள் இல்லை,” என்றாள் வேணுகா. அவருக்குப் புரியவில்லை. அவளும் விளக்கவில்லை.

கோடை வந்தது. தலையில் பிரஷ் போல முடி முளைத்தது. பல்கலைக்கழக அறையை விட்டுவிட்டுப் பெற்றோர் வீட்டுக்கே வந்திருந்தாள். மேசையில் இருப்பாள், எழும்புவாள், அறைக்கும் பல்கனிக்குமாக நடப்பாள். கீழ்வீட்டுத் திருமதி பூகர் இரண்டு தடவை மேலே வந்து, யாராவது தளபாடம் நகர்த்துகிறீர்களா என்று பணிவாகக் கேட்டுவிட்டுப் போனார்.

ஜூலையில் சூரிச் மாநிலத்தின் மலைப்பக்கத்திலுள்ள ஒரு சின்னத் திபெத்தியக் கோயிலில் விழா. வேணுகா புறப்பட்டுக்கொண்டிருந்தபோது நித்தியானந்தன் சட்டை மாற்றிக்கொண்டு வந்தார்.

“நானும் வாறன். ஒருக்காப் பார்க்கவேணும்.”

கோயிலுக்குள் அவர் போகவில்லை. வாசலில் கொஞ்சநேரம் நின்றார். பிறகு, இருபத்தைந்து வருடப் பழக்கம், கால்கள் தாமாகவே அவரைச் சமையலறைப் பக்கம் கொண்டுபோயின. உள்ளே ஐந்தாறு திபெத்தியக் கிழவர்கள் மோமோக் கொழுக்கட்டை உருட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவர், இந்த நாட்டில் தொழிற்சாலையொன்றில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர், நித்தியானந்தன் நிற்கும் நிலையைப் பார்த்தே சமையல்காரர் என்று பிடித்துவிட்டார். ஏப்ரனைத் தூக்கிக் கொடுத்தார். இருவரும் உடைந்த சுவிஸ் ஜெர்மனில் கதைத்தார்கள். எப்போது வந்தாய், எந்த வழியால் வந்தாய், அங்கே யார் மிச்சம். கிழவருக்கு லாசாவில் ஓர் அண்ணன் இருந்தாராம். பிடித்துக்கொண்டு போனார்கள், அவ்வளவுதான் தெரியும். நித்தியானந்தன் தம்பியைப் பற்றிச் சொன்னார். ஹோட்டலில் கூட வேலை செய்பவர்களிடம் அவர் அதைச் சொன்னதே இல்லை. பிறகு இரண்டுபேரும் மாவைப் பிசைந்தார்கள்.

திரும்பி வரும்போது அவர் கையில் இஞ்சி மணத்தது. “அவையளும் அடிவாங்கின சனம்தான்,” என்றார். வேணுகா நிமிர்ந்தாள். “அதுக்காக உன்னைக் குடுக்கேலாது.”

ரயில் ஜன்னலோரம் சாய்ந்துகொண்டார்.

“இந்தச் சம்மதம் கேக்கிற சட்டத்தை ஆர் கொண்டுவந்தது?” என்று கேட்டார்.

வேணுகா சொன்னாள். புத்தர் ஞானமடைந்து ஊருக்கு வந்தபோது தன் சொந்த மகனையே துறவியாக்கிவிட்டார். சின்னப் பிள்ளை. புத்தருடைய தகப்பன் சுத்தோதனர் அதைக் கேட்டு ஓடிவந்தார். நீ போனபோது எனக்குத் தோல் கிழிந்தது, இப்போது பேரன் போகிறான், எலும்புவரை கிழிகிறது, இனிமேல் தாய்தகப்பனைக் கேட்காமல் எந்தப் பிள்ளையையும் எடுக்காதே என்று கெஞ்சினார். புத்தர் அதை ஏற்று விதியாக்கினார்.

“அப்ப அந்தத் தகப்பனுக்கும் வயிறு எரிஞ்சிருக்கு,” என்றார் நித்தியானந்தன்.

அதன்பிறகும் அவர் உடனே இளகிவிடவில்லை. ஓகஸ்ட் முழுவதும் வேணுகா நடந்தாள். ஒரு நாள் காலை வேலைக்குப் போகச் சப்பாத்துக் கட்டிக்கொண்டிருந்தவர், கதவடியில் குனிந்தபடியே சொன்னார்: “போ, பிள்ளை. நான் ஓம் எண்டிறன். கூட்டுக்குள்ள விட்ட மாதிரி நீ இதுக்குள்ள சுத்திறதைப் பார்க்கேலாமல் கிடக்கு. மனசாரச் சொல்லேல்லை. ஆனா சொல்லுறன்.”

கதவு சாத்தும்வரை வேணுகா அசையாமல் நின்றாள். பிறகு அம்மாவைத் தேடி ஓடினாள். அன்று அவர்களுடைய சலவை நாள். அடுக்குமாடியின் நிலவறையில், இயந்திரங்கள் சுழலும் இரைச்சலுக்குள், கலாவதி படுக்கை விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, அப்பா ஓம் எண்டிட்டார்!”

“ராத்திரியே எனக்குச் சொன்னவர்.”

“நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை?”

“என்னட்டை ஆரும் கேக்கேல்லையே.”

வேணுகாவுக்கு முகம் சுட்டது. உண்மைதான். வந்த நாளிலிருந்து அவள் அப்பாவோடுதான் மல்லுக்கட்டினாள். சால்வை போட்டுவிட்ட, பழனிக் கதை சொன்ன அம்மாவைத் தன் பக்கம் என்றே எடுத்துக்கொண்டிருந்தாள்.

“இப்ப கேக்கிறன், அம்மா. நான் போகட்டோ?”

கலாவதி விரிப்பின் இரண்டு நுனிகளை அவள் கையில் கொடுத்தாள். இருவரும் இழுத்து மடித்தார்கள்.

“இல்லை,” என்றாள் கலாவதி.

“ஏனம்மா?”

“வயலினை விட்டாய். பரதத்தை விட்டாய். மெடிசினை விட்டிட்டு வரேக்க நான் ஏதும் கேட்டனோ? அதுகளை விடலாம், ஆருக்கும் நட்டமில்லை. இது அப்பிடி விடுற சாமானில்லைப் பிள்ளை. அந்த உடுப்பைப் போட்டிட்டுக் கழட்டினா, கழட்டின வெக்கம் உன்னோட வரும். அதை நான் உனக்காகச் சுமக்கேலாது. நீதான் சுமக்கவேணும்.”

“நான் விடமாட்டன்.”

“எண்டுதான் எல்லாத்துக்கும் சொன்னனி.”

அதற்குமேல் அங்கே நிற்க வேணுகாவால் முடியவில்லை. இயந்திரம் நிற்பதற்குள் மேலே ஏறிப் பெட்டியை எடுத்தாள். அம்மாவோடு சரியாக முகம்கொடுத்துப் பேசாமலே ஒக்டோபரில் இந்தியாவுக்குத் திரும்பினாள். சம்மதமில்லை, ஆகவே முன்னைப் போல வெளிமாணவியாக. லாடோனிடம் எல்லாவற்றையும் கொட்டவேண்டும் என்ற ஒரே நினைப்போடு போனாள்.

முற்றத்தில் லாடோன் இல்லை. அறையில் இருந்தாள். நீல ஜீன்ஸ், ரோஸ்நிறக் கம்பளிச்சட்டை, தலையில் குல்லாய். குல்லாய்க்குக் கீழே கறுகறுவென்று முடி வளர்ந்திருந்தது. கட்டிலில் ஒரு புதுப் பயணப்பை. அவளுடைய மாமா ஒருவர் பெல்ஜியத்தில் இருந்தார். அங்கே போகிறாள்.

“ஒரு பரீட்சைதானே மிச்சம்!” என்று வேணுகா கத்தினாள்.

“அதனால்தான் இப்போதே போகிறேன். தேறிவிட்டால் போக விடமாட்டார்கள். நானும் போகமாட்டேன்.”

“உன்னைப் பார்த்துத்தான் நான் தலையை மழித்தேன்.”

“தெரியும்.” லாடோன் பையின் வாயை இழுத்து மூடினாள். “நீ வந்த அன்றிலிருந்து என்னையே பார்த்தாய். நான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று நீ பார்க்கவில்லை. அந்த முற்றத்தில் நான் இருக்கிற இடத்திலிருந்து வெளிவாசல் தெரியும். எத்தனை வருடமாக அதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன் தெரியுமா? அசையாமல் இருந்தால் மனமும் அசையாது என்று யார் உனக்குச் சொன்னது?”

வேணுகா கடுமையாக ஏதேதோ சொன்னாள். கோழை என்றுகூடச் சொன்னாள். லாடோன் கேட்டுக்கொண்டிருந்தாள். வழமைபோல இமை அசையவில்லை. பை பாரமாக இருந்தது. ஒரு பிடியை வேணுகா தூக்கினாள்.

பஸ் நிற்குமிடத்தில் ஒரு தேநீர்க் கடை. கடைக்காரர் துறவிகளைக் கண்டால் எழுந்து கைகூப்பி, பெண்துறவிகளுக்கான மரியாதைச் சொல்லால் “வாங்கோ, அனி-லா” என்று அழைப்பவர். அன்று லாடோனை அவருக்கு அடையாளம் தெரிந்தது. எழுந்தார், கைகள் பாதிவழி வந்தன. எப்படி அழைப்பது என்று தெரியாமல் கைகளைத் துடைத்துக்கொண்டு, கோப்பையை மேசையில் வைத்துவிட்டு உள்ளே போனார். லாடோன் அந்தத் தேநீரைக் குடிக்கவில்லை. குல்லாயைப் புருவம்வரை இழுத்துவிட்டு, பஸ் வரும்வரை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேணுகா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். பஸ் புறப்பட்டபிறகு மலைப்பாதையில் தனியே ஏறும்போது அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தாள்.

“என்னடி, அழுறியோ?” என்றாள் கலாவதி.

“இல்லை. மேட்டில ஏறுறன், அதான் மூச்சு வாங்குது.”

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவள் மடத்தில் தங்கினாள். மறுபடி தலை மழிக்கவில்லை. மறுபடி சம்மதம் கேட்கவுமில்லை. வேறொருத்தி சோடியாக வந்தாள். இருந்து பதில் சொல்வதில் வேணுகா தொடர்ந்து தோற்றுக்கொண்டிருந்தாள். ஆனால் ஒரு புதுக் கேள்வி அவளைப் பிடித்துக்கொண்டது. இந்த இருநூறு பேருடைய தாய்தகப்பன்மார் எப்படிச் சம்மதித்தார்கள்? கேட்கத் தொடங்கினாள். ஒருத்தியின் தகப்பன் ஓம் என்று சொல்லிவிட்டு, மாதத்துக்கொரு தரம் வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போனாராம். இன்னொருத்தியின் தாய் எல்லைக்கு அப்பால் திபெத்தில் இருந்தாள். யாரோ ஒரு வியாபாரி வழியாக ஒரே ஒரு சொல் வந்ததாம். சம்மதமே இல்லாமல், இருக்கிறது என்று பொய்சொல்லி வந்தவளும் இருந்தாள். அந்த விதிக்குப் பழைய உரையாசிரியர்கள் எழுதிய விளக்கங்களை வேணுகா தேடித்தேடி வாசித்தாள். இப்போது ஒரு பக்கத்தை ஒரு மாதம் பார்க்க அவளுக்கு அலுக்கவில்லை.

தர்க்க நூலைக் கைவிடுகிறேன் என்று சொல்லப் பயந்துகொண்டுதான் அம்மானிடம் போனாள். அவர் கோபப்படவில்லை.

“இது என்னால் மேற்பார்க்கக்கூடிய ஆய்வு இல்லை,” என்றார். “ஃப்ரிபூர்க்கில் ஒரு பேராசிரியை இருக்கிறார். மனிதர்களிடமும் கேள்வி கேட்பவர். நான் அவரோடு பேசுகிறேன்.” பிறகு எழுந்து, தன் அலுமாரியிலிருந்து துறவு விதிகள் பற்றிய புத்தகங்களைத் தானே அட்டைப்பெட்டியில் அடுக்கித் தந்தார். அதைக் கேட்டு நித்தியானந்தன், “பார்த்தியே, அம்மான் சீர் குடுத்திட்டார்,” என்றார்.

ஃப்ரிபூர்க்கில் அவள் நாலு வருடம் இருந்தாள். இடையில் மூன்று குளிர்காலம் மடத்துக்குப் போய்வந்தாள். ஆய்வைப் பாதியில் விட்டுவிடுகிறேன் என்று இரண்டு தடவை வீட்டுக்கு வந்து, இரண்டு தடவையும் அடுத்த ரயிலில் திரும்பிப் போனாள். கோயிலில் யாராவது கேட்டால் கலாவதி இப்போது, “பிள்ளை புத்தசமயத்தைப் பற்றி ஆராய்ச்சி செய்யிறா,” என்று நேராகச் சொன்னாள். புனிதவதியக்கா சில மாதம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிறகு மறந்துபோய்ப் பழையபடி கதைத்தாள்.

லாடோன் அன்ட்வேர்ப்பில் முதியோர் பராமரிப்பு வேலையில் இருக்கிறாள். ஒருமுறை ஃப்ரிபூர்க்குக்கு வந்து ஒரு கிழமை தங்கினாள். வேணுகா கோழை என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டாள். “அதை நான் அப்போதே ஏற்கவில்லையே,” என்றாள் லாடோன். கடைசிப் பரீட்சையை எழுதாதது வலிக்கிறதா என்று கேட்டதற்கு, சில நாள் வலிக்கும், சில நாள் வேலைக்களைப்பில் நினைவே வராது என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள்.

போன ஜூனில் வேணுகாவின் ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வு. நித்தியானந்தன் கோட்டும் கலாவதி பட்டுச்சேலையுமாகப் பின்வரிசையில் இருந்தார்கள். பாதி பிரெஞ்சிலும் பாதி ஜெர்மனிலும் கேள்விகள் பறந்தன. பிரெஞ்சு இருவருக்கும் தெரியாது. ஜெர்மன் தெரிந்தும் பயனில்லை. பரீட்சகர் ஒருவர் விடாமல் கேட்டார்: இந்த விதி பிள்ளையின் சுதந்திரத்தைப் பறிக்கிறது என்கிறீர்களா, இல்லையா? வேணுகா தண்ணீர் குடித்தாள். பறிக்கிறது என்றாள். தேவையா என்று கேட்டார். தேவை என்றாள். அவர் பல பக்கமிருந்து வளைத்துப் பார்த்தார். அவள் அந்த இரண்டையும் விட்டுக்கொடுக்கவில்லை. மேசைக்கடியில் கால்கள் மட்டும் ஆடிக்கொண்டிருந்ததைக் கலாவதி கண்டாள்.

வெளியே வெயில். மூவரும் பாலத்தின்மேல் நின்றார்கள். கீழே ஆறு பச்சையாக ஓடியது.

“இனி?” என்று நித்தியானந்தன் கேட்டார்.

“ஹம்பூர்க்கில ஒரு வேலை கிடைச்சிருக்கு. ரெண்டு வருசம்.”

“அதுக்குப் பிறகு?”

“தெரியாது, அப்பா.”

“தெரியாதெண்டு சொல்லவோ இவ்வளவு காலம் படிச்சனி?”

“இஞ்சேருங்கோ, பிள்ளையை விடுங்கோ,” என்றாள் கலாவதி. “எனக்குப் பசிக்குது.”

இப்போது வேணுகா ஹம்பூர்க்கில் இருக்கிறாள். வயது முப்பத்துமூன்று. போய் ஒரு வருடமாவதற்குள் இரண்டு வீடு மாறிவிட்டாள். ஜப்பானில் ஓர் இடத்துக்கு விண்ணப்பித்திருக்கிறாள். குளிர்காலத்தில் மடத்தில் சமஸ்கிருத இலக்கணம் கற்பிக்கவும் கூப்பிடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மாவுக்கு அழைப்பெடுப்பாள். தொலைபேசியில் காற்று இரையும், கப்பல் சங்கு ஊதும், கடற்பறவைகள் கத்தும்.

“எங்கையடி நிக்கிறாய்?” என்று கலாவதி கேட்பாள்.

“நிக்கேல்லை அம்மா, நடக்கிறன்.”